புதிதாக நிறுவிய சேவை தானே ஓடத் தொடங்கலாமா?

ஒரு பொருளை வாங்கி வீட்டில் வைப்பது ஒரு செயல்; அதனை இயக்குவது மற்றொரு செயல். தையல் இயந்திரமாயினும் நீர் இறைக்கும் பம்பாயினும் இவ்விரண்டிற்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் பொருளுக்குரியவர் கையேட்டைப் புரட்டுகிறார், எண்ணெய் விடுகிறார், எங்கே நிறுத்துவது, எப்போது ஓட்டுவது என்று எண்ணிப் பார்க்கிறார். கணினியில் நிறுவும் மென்பொருளுக்கும் அத்தகைய இடைவெளி வேண்டுமா, வேண்டாமா என்பது கணினி வல்லுநரிடையே நெடுங்காலமாக முடிவுறாத வழக்காக இருந்து வருகிறது. கேட்பதற்குச் சிறு செய்தியாகத் தோன்றும் இவ்வழக்கின் விளைவு, ஈப்போ சிலிபின் சாலையில் இரண்டு மூன்று கணினிகளை வைத்துக்கொண்டு தொழில் நடத்தும் ஒரு சிறு கடை வரை வந்து சேர்கிறது. ஆதலின் இதனைச் சற்று விரிவாக ஆராய்தல் பொருத்தமாகும்.

முதலில், சேவை எனப்படுவது யாது என்பதைத் தெளிவு செய்துகொள்வோம். நாம் திறந்து, தட்டெழுதி, வேலை முடிந்ததும் மூடிவிடும் மென்பொருள்கள் ஒரு வகை. கடிதம் எழுதுவது, படம் பார்ப்பது, கணக்குத் தாள் நிரப்புவது முதலியன இவ்வகையைச் சேரும். மற்றொரு வகை திரையில் முகங்காட்டுவதே இல்லை. கணினியின் பின்னணியில் ஓசையின்றி அமர்ந்து, யாரேனும் வந்து கேட்டால் மட்டும் வேலை செய்து கொடுக்கும். அச்சுப்பொறிக்கு வரும் தாள்களை வரிசைப்படுத்துவது, அலுவலகத்துக் கணக்குகளைத் தரவுத்தளத்தில் காத்து வைத்து வேண்டியபோது எடுத்துக் கொடுப்பது, வலைப்பக்கங்களை வெளியுலகுக்கு வழங்குவது, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழிவிடுவது ஆகியவை இவற்றின் பணிகள். யூனிக்ஸ் மரபினர் இவற்றை 'டீமன்' என்பர். விண்டோஸ் 'சர்வீஸ்' என்கிறது. நாம் சேவை என்றே வழங்குவோம்.

இச்சேவைகளுள் பல, வெளியாரின் குரலுக்குச் செவிசாய்ப்பவை. அதற்கெனக் கணினியில் 'போர்ட்' எனப்படும் எண்ணிட்ட வாயில்கள் உள்ளன. எண்கள் 65,535 வரை செல்கின்றன. வலைப்பக்கம் கேட்டு வருவோர் 80 அல்லது 443-ஆம் வாயிலையும், தொலைவிலிருந்து நுழைய விரும்புவோர் 22-ஆம் வாயிலையும் தட்டுவது வழக்கம். வாயிலுக்குப் பின்னே சேவை ஏதும் அமர்ந்திராவிடில் தட்டுபவன் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். அமர்ந்திருந்தாலோ, தட்டியவன் நண்பனாயினும் கள்வனாயினும் அச்சேவை எழுந்து வந்து பேசும். ஆகவே வெளியாருக்குச் செவிசாய்க்கும் ஒரு சேவை ஓடத் தொடங்கினால் வீட்டிற்கு ஒரு கதவு கூடிற்று என்று கொள்ளலாம். கதவைப் பொருத்திய தச்சர் வீட்டுக்காரரைக் கேளாமலே அதனைத் திறந்து வைத்துவிட்டுப் போகலாமா என்பதே நம் கேள்வி.

இரு மரபுகள்

லினக்ஸ் உலகில் இக்கேள்விக்கு இரு மரபுகள் இரு விடைகளைத் தந்துள்ளன. லினஸ் டோர்வால்ட்ஸ் பின்லாந்தில் மாணவராய் இருந்தபோது 1991-இல் வெளியிட்ட லினக்ஸ் கருவைச் சுற்றி, ஆயிரக்கணக்கான மென்பொருள்களைப் பொதி பொதியாகக் கட்டி வழங்குவோர் பலர் தோன்றினர். அவர்களுள் 1993-இல் அயன் மர்டாக் தொடங்கிவைத்த டெபியன் ஒரு மரபு. ரெட் ஹாட் நிறுவனமும், அதன் ஆதரவில் 2003-இல் பிறந்த பெடோராவும் மற்றொரு மரபு.

டெபியன் கணினியில் அப்பாச்சி என்னும் வலைச் சேவையகத்தை நிறுவும்படி ஒரு கட்டளை தந்தால் பொதி வந்து இறங்கும். கோப்புகள் அதனதன் இடத்தில் அமரும். பொதியுடன் வந்த சிறு நிரல் ஒன்று சேவையைத் தொடக்கியும் வைத்துவிடும். கட்டளை முடிந்து நாம் கையை எடுப்பதற்குள் அது வலைப்பக்கம் வழங்கும் கணினியாகிவிட்டிருக்கும். மறுநாள் அணைத்து எழுப்பினாலும் சேவை தானே எழும். டெபியனைப் பின்பற்றி 2004-இல் வந்த உபுண்டுவிலும் இவ்வாறே. இதற்கு டெபியன் அன்பர்கள் கூறும் காரணம் எளிதானது. புறந்தள்ளத் தக்கதும் அன்று. வலைச் சேவையகத்தை ஒருவர் எதற்காக நிறுவுகிறார்? வலைப்பக்கம் வழங்குவதற்காகத்தானே? ஓட வேண்டாமென்றால் நிறுவாமல் இருந்திருக்கலாமே? நிறுவிய பின்னும் ஓடாமல் கிடக்கும் சேவை, புதியவர் கண்ணுக்குப் பழுதான சேவையாகவே தோன்றும். அவர் எங்கே போய் யாரைக் கேட்பார்? பொதி கட்டுபவரே தக்க இயல்பமைப்புகளுடன் கட்டித் தந்துவிட்டால் பல்லாயிரம் பேருக்கு வேலை மிச்சமாகும் என்பது அவர்கள் வாதம்.

ரெட் ஹாட் மரபில் கோப்புகள் இடத்தில் அமர்வதுடன் நிறுவும் வேலை முடிகிறது. சேவை உறங்கிக் கிடக்கும். அதனை எழுப்ப இரண்டு தனிக் கட்டளைகள் வேண்டும். 'ஸ்டார்ட்' என்பது இப்போதே ஓடு என்னும் கட்டளை. 'எனேபிள்' என்பது இனி ஒவ்வொரு முறை கணினி எழும்போதும் நீயும் எழு என்னும் கட்டளை. இவ்விரண்டும் வெவ்வேறு முடிவுகள் என்பதை வாசகர் கருத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னர் இதற்கு வேலை இருக்கிறது.

லெனார்ட் பொட்டரிங், கே சீவர்ஸ் ஆகிய இருவரும் 2010-இல் வெளியிட்ட சிஸ்டம்டி என்னும் மேலாண்மை மென்பொருள் இன்று இரு மரபிலும் சேவைகளை ஆள்கிறது. அதில் முன்னமைப்புப் பட்டியல் என்றொன்று உண்டு. இன்ன சேவை தானே எழலாம், இன்னது எழக்கூடாது என்று வரிவரியாக எழுதிய சிறு கோப்பு அது. பட்டியலில் ஒரு சேவையின் பெயரே இல்லாவிடில் அஃது எழலாம் என்பது சிஸ்டம்டியின் சொந்த விதி. பெடோராவினர் பட்டியலின் கடைசியில் 'மற்ற யாவும் நிற்க' என்னும் பொருள்பட ஒரு வரியைச் சேர்த்து அவ்விதியை மாற்றிவிட்டனர். இரு மரபுகளின் வேறுபாட்டில் பெரும்பகுதி அந்த ஒற்றை வரியில் அடங்கிக் கிடக்கிறது. விதிவிலக்கு வேண்டுவோர் பெடோராவின் பொறியியல் குழுவிடம் ஒப்புதல் பெறவேண்டும். பொதி கட்டுபவர் தம் பிள்ளை பொன்பிள்ளை என்று தாமே முடிவு செய்துகொள்ள அங்கே இடமில்லை.

டெபியன் முறையில் இரண்டு குறைகள் எனக்குப் படுகின்றன. முதலாவது, வரிசை மாறிவிடுகிறது. சேவைக்குரிய அமைப்புக் கோப்பைத் திருத்தி எழுதுவதற்கு முன்னரே சேவை ஓடத் தொடங்கிவிடுகிறது. அலுவலகக் கணினிகளுக்கெல்லாம் வலையமைப்பு முகவரி பங்கிடும் டி.எச்.சி.பி. சேவையகம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எந்த முகவரிகளைப் பங்கிடுவது என்று யாரும் இன்னும் எழுதித் தராத நிலையில் அது என்ன செய்யும்? டெபியனில் அப்பொதியை நிறுவியவர் பலர் கண்ட காட்சி, சேவை தொடங்க முயன்று தோற்று, பிழை என்று சிவப்பு எழுத்தில் முறையிடுவதுதான். தோற்றது நல்லதாயிற்று. தவறான முகவரிகளைப் பங்கிட்டிருந்தால் அந்த அலுவலகமே அன்று ஸ்தம்பித்திருக்கும்.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. 'நிறுவியவர் ஓடுவதற்காகத்தான் நிறுவினார்' என்னும் வாதம், அவர் பெயர் சொல்லிக் கேட்ட பொதிக்கே பொருந்தும். ஆனால் ஒரு பொதி தன்னோடு வேறு பல பொதிகளையும் இழுத்து வரும். கட்டாயம் வேண்டியவை வருவதோடு, 'பரிந்துரைக்கப்பட்டவை' என்ற பெயரில் வேறு சிலவும் வரும். 2009-இல் வெளிவந்த டெபியன் 5.0 முதல் இவையும் இயல்பாகவே நிறுவப்படுகின்றன. விருந்துக்கு அழைத்தவர் தம் ஊராரையும் அழைத்து வந்ததுபோல, நாம் பெயர்கூட அறியாத ஒரு சேவை நம் கணினியில் ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு நாம் இசைவு தந்தோம் என்று எவ்வாறு கூறுவது?

மோட்டார் கற்பித்த பாடம்

இந்த வழக்கு கணினியோடு பிறந்ததன்று. மின்மோட்டார் ஆலைக்குள் வந்த நாளிலேயே இது எழுந்துவிட்டது. நம் பேராக் மாநிலத்தில் பேராக் ஆற்றின்மீது கட்டிய செண்டெரோ அணை 1930 முதல் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்கும் நகரங்களுக்கும் மின்சாரம் தரலாயிற்று. மின்சாரம் வந்தால் மின்வெட்டும் வரும். மோட்டாரால் ஓடும் ஓர் இயந்திரம் மின்சாரம் நின்று நின்றுவிடுகிறது. சிறிது நேரத்தில் மின்சாரம் திரும்புகிறது. இயந்திரம் தானே ஓடத் தொடங்க வேண்டுமா?

ரப்பர் ஆலையை நினைத்துப் பார்ப்போம். கட்டிய ரப்பரைப் பிழிந்து கிரேப் தகடாக்கும் உருளைகள் இரும்பாலானவை. ஒன்றையொன்று நெருங்கிச் சுழல்பவை. மின்சாரம் நின்ற வேளையில், இடையில் சிக்கிய ரப்பரை ஒரு தொழிலாளி கையால் இழுத்துக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்நேரம் மின்சாரம் திரும்பி உருளைகள் தாமே சுழன்றால் அவர் கை என்னவாகும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. இதற்காகவே மோட்டாரின் தொடக்கியில் 'நோ வோல்ட் காயில்' என்று மின்பணியாளர் வழங்கும் ஒரு சுருளைப் பொருத்தினர். தொடக்கப் பொத்தானை அழுத்தினால் சுருள் காந்தமாகி இணைப்பைப் பிடித்துக்கொள்ளும். பிடித்த இணைப்பின் வழியாகவே சுருளுக்கும் மின்சாரம் தொடர்ந்து கிடைக்கும். மின்சாரம் நின்றால் காந்தம் போய்விடும். வில்சுருள் இணைப்பைப் பிரித்துவிடும். மின்சாரம் திரும்பினாலும் இணைப்பு பிரிந்தே கிடப்பதால், ஒருவர் வந்து மீண்டும் பொத்தானை அழுத்தும்வரை மோட்டார் அசையாது. இன்றும் இயந்திரப் பாதுகாப்புக்கான ஐ.இ.சி. 60204-1 என்னும் அனைத்துலகத் தரவிதி, மின்சாரம் திரும்பும்போது தானே ஓடுவது ஆபத்தாகுமிடத்து அதனைத் தடுத்தே ஆகவேண்டும் என்கிறது.

ஆயினும் எல்லா மோட்டாருக்கும் இதே நீதி பொருந்தாது. வீட்டிலுள்ள குளிர்பதனப் பெட்டி நள்ளிரவில் மின்சாரம் திரும்பியதும் தானே ஓடத்தான் வேண்டும். இல்லாவிடில் காலையில் மீன் நாறிவிடும். கிந்தாவின் ஈயச் சுரங்கங்கள் ஆழ்ந்த திறந்த குழிகள். 1985-இல் ஈய விலை வீழ்ந்து அவற்றுள் பெரும்பாலானவை மூடப்படும்வரை, குழியில் ஊறும் நீரை இறைக்கும் பம்பு நின்றால் குழியே குளமாகிவிடும் நிலை இருந்தது. பம்பு உறங்குவது அங்கே பாதுகாப்பு ஆகாது. இயந்திரம் தானே ஓடுவதால் வரும் கேடு பெரிதா, ஓடாமல் நிற்பதால் வரும் கேடு பெரிதா என்று இடத்துக்கு இடம் எடை போடவேண்டியிருக்கிறது.

மேலே கூறிய இரு கட்டளைகளுக்கு இங்கேதான் வேலை. குளிர்பதனப் பெட்டி தானே எழலாம் என்பதற்கு ஒரு காரணம், முதன்முதலில் அதனை வாங்கி, இடம் பார்த்து நிறுத்தி, செருகியைச் சொருகி, விசையைத் தட்டியவர் வீட்டுக்காரர். அந்த முதல் தொடக்கம் அவர் கையால் நடந்தது. பிறகு எத்தனை முறை மின்சாரம் போய் வந்தாலும் அவருடைய அதே முடிவுதான் தொடர்கிறது. கணினிச் சேவைக்கும் இதுவே நியாயமாகப் படுகிறது. முதல் தொடக்கத்துக்கு உரியவரின் கை வேண்டும். பின்வரும் தொடக்கங்கள் தானே நிகழலாம். ரெட் ஹாட் மரபு இவ்விரண்டையும் பிரித்து வைக்கிறது. டெபியன் மரபு நிறுவுதல், முதல் தொடக்கம், மறுதொடக்கம் ஆகிய மூன்றையும் ஒரே முடிச்சில் கட்டிவிடுகிறது.

புழுக்கள் புகுந்த கதை

இவ்வேறுபாடு வெறும் ஏட்டு வாதமாய் நிற்கவில்லை. இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் கணினிப் புழுக்கள் இதனை உலகறியச் செய்தன. புழு என்பது ஒரு கணினியில் புகுந்து, அங்கிருந்தே அடுத்த கணினியைத் தேடிப் புகும் தீய நிரல். அதற்கு வேண்டியதெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சேவையும் அச்சேவையில் ஓர் ஓட்டையும்தான்.

2001 ஜனவரியில் 'ராமன்' என்னும் புழு ரெட் ஹாட் லினக்ஸ் 6.2, 7.0 ஆகிய பதிப்புகளைத் தாக்கிற்று. (நம் இராமபிரானுக்கும் இதற்கும் தொடர்பில்லை, ஜப்பானியரின் நூடுல்ஸ் உணவின் பெயர் அது.) கோப்பு மாற்றும் சேவை, அச்சுச் சேவை முதலியவற்றில் இருந்த ஓட்டைகளே அதற்கு வழியாயின. இன்று கதவடைத்து நிற்கும் ரெட் ஹாட் மரபும் அந்நாளில் இந்த வகையில் திறந்த வீடாகவே இருந்தது என்பதை நேர்மையாகச் சொல்லவேண்டும்.

அதே ஆண்டு ஜூலையில் 'கோட் ரெட்' வந்தது. மைக்ரோசாப்டின் விண்டோஸ் 2000 சர்வரை நிறுவினால், இயல்பாகவே ஐ.ஐ.எஸ். என்னும் வலைச் சேவையகமும் சேர்ந்து வந்து ஓடிக்கொண்டிருக்கும். கோப்புகளை வைத்துக்கொள்ள மட்டும் அக்கணினியை வாங்கியவர் கூடத் தம்மை அறியாமல் வலைப்பக்கம் வழங்குவோராகிவிடுவார். ஓட்டையை அடைக்கும் திருத்தம் ஜூன் 18-ஆம் நாளே வெளிவந்துவிட்டது. ஆயினும் ஜூலை 19-ஆம் நாள் பதினான்கு மணி நேரத்துக்குள் 3,59,000-க்கும் மேற்பட்ட கணினிகள் புழுவுக்கு இரையாயின. தம்மிடம் அச்சேவை ஓடுகிறது என்பதையே அறியாதவர், அதற்கான திருத்தத்தை எவ்வாறு தேடுவார்?

எல்லாவற்றையும் விஞ்சியது 2003 ஜனவரி 25-ஆம் நாள் வந்த 'ஸ்லாமர்'. அதன் உடல் 376 பைட்டு மட்டுமே. இந்தப் பத்தியில் இரண்டு வரிகளைத் தமிழில் சேமித்து வைக்கவே ஏறத்தாழ அவ்வளவு இடம் வேண்டும். மைக்ரோசாப்டின் தரவுத்தளச் சேவையில் 1434-ஆம் வாயில் வழியாக அது புகுந்தது. தொடக்கத்தில் எட்டரை வினாடிக்கு ஒருமுறை இருமடங்காகிப் பெருகி, பத்தே நிமிடத்தில், புகத்தக்க கணினிகளுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் புகுந்துவிட்டது. பாதிக்கப்பட்ட கணினிகள் குறைந்தது 75,000. தென் கொரியாவில் இணையமே பெரும்பாலும் படுத்துவிட்டது. இதற்கும் திருத்தம் ஆறு மாதம் முன்னரே, 2002 ஜூலையில், வெளிவந்திருந்தது.

இதில் நம் ஆராய்ச்சிக்கு முதன்மையான செய்தி ஒன்றுண்டு. தாக்குண்டவை பெரிய தரவுத்தளக் கணினிகள் மட்டும் அல்ல. அந்தத் தரவுத்தளத்தின் சிறு வடிவமான எம்.எஸ்.டி.இ. என்பதை வேறு பல மென்பொருள்கள் தம்முள்ளே பொதிந்து கொண்டுவந்தன. கணக்கு மென்பொருளையோ அலுவலக மென்பொருளையோ நிறுவியவர் அதனை மட்டுமே அறிவார். அதன் நிழலில் ஒரு தரவுத்தளச் சேவை எழுந்து வெளியுலகுக்கு வாயில் திறந்து நின்றதை அறியார். இழுத்து வரப்பட்ட சேவை என்று மேலே கூறிய குறையின் கொடிய வடிவம் இதுவே.

மைக்ரோசாப்ட் பாடம் கற்றது. 2002 ஜனவரியில் பில் கேட்ஸ் தம் ஊழியர் அனைவருக்கும் அனுப்பிய சுற்றறிக்கை, புதிய வசதியா பாதுகாப்பா என்ற கேள்வி எழுந்தால் பாதுகாப்பையே தேர்க என்று பணித்தது. 2003 ஏப்ரலில் வந்த விண்டோஸ் சர்வர் 2003-இல், வலைப்பணிக்கென்றே வந்த பதிப்பைத் தவிர மற்றவற்றில், ஐ.ஐ.எஸ். தானே நிறுவப்படவில்லை. 2004 ஆகஸ்டில் வந்த எக்ஸ்.பி. இரண்டாம் திருத்தத் தொகுப்பு, காப்புச்சுவரை இயல்பாகவே எழுப்பி வைத்தது. எம்.எஸ்.டி.இ.யின் வழித்தோன்றலான எஸ்.கியூ.எல். சர்வர் எக்ஸ்பிரஸ், 2005-ஆம் ஆண்டுப் பதிப்பு முதல், பிற கணினிகளோடு பேசும் வழியை அடைத்த நிலையிலேயே நிறுவப்படுகிறது. வேண்டுவோர் திறந்துகொள்ளலாம்.

கேளாதவர் நிலை

இவ்வளவையும் படித்தபின், தானாக நடப்பது எதுவும் தீது என்ற முடிவுக்கு வாசகர் வந்துவிடலாகாது. மலேசியத் தமிழராகிய நமக்கு மறுபக்கமும் நன்கு தெரியும்.

1957 ஆகஸ்ட் 31-ஆம் நாள் மலாயா விடுதலை பெற்றபோது, அன்றும் அதன் பின்னும் இம்மண்ணில் பிறந்தவர் சட்டத்தின் இயக்கத்தாலேயே குடிமக்களாயினர். அம்முறையும் 1962-இல் சுருக்கப்பட்டது. விடுதலைக்கு முன் பிறந்து, அதுவரை குடியுரிமை பெறாதிருந்தவரோ விண்ணப்பித்துப் பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. தகுதி இருந்தும் விண்ணப்பிக்கவில்லை என்றால் குடியுரிமை இல்லை. தோட்டப்புறத்தில், எழுதப் படிக்க அறியாமல், விடியற்காலையில் பால்வெட்டுக்குப் போய் மாலையில் லயத்துக்குத் திரும்பியவருக்கு அந்தப் பாரத்தைப் பற்றி எடுத்துச் சொன்னவர் எத்தனை பேர்? இம்மண்ணிலேயே பிறந்தும் சிவப்பு அடையாளக் கார்டோடு முதுமை எய்தியவர்களைப் பேராக்கின் பழைய தோட்டங்களை அறிந்தவர் அறிவர். அங்கே 'கேட்டால் தருவோம்' என்ற விதி, கேட்கத் தெரியாதவரைத் தண்டித்தது.

இதற்கு எதிர்ப்புற எடுத்துக்காட்டும் அண்மையில் உண்டு. 2019 ஜூலையில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய அரசியலமைப்புத் திருத்தம், வாக்களிக்கும் வயதைப் பதினெட்டாகக் குறைத்ததோடு, வாக்காளர் பதிவையும் தானாக நிகழச் செய்தது. 2021 டிசம்பர் 15 முதல் இது நடப்புக்கு வந்தது. 2018 பொதுத் தேர்தலில் ஏறத்தாழ 1 கோடியே 49 லட்சமாயிருந்த வாக்காளர் தொகை, 2022 நவம்பரில் 2 கோடியே 11 லட்சத்தைத் தாண்டிற்று. பாரம் நிரப்பாதவர்களும் பட்டியலில் ஏறினர்.

அப்படியானால் டெபியன் அன்பர்கள் சொல்வதுதான் சரியோ என்று கேட்கலாம். அறியாதவருக்கு உதவத்தானே அவர்களும் தானே தொடக்கி வைக்கிறார்கள்? ஆனால் இரண்டிலும் ஒரே கேள்வியைக் கேட்டுப் பார்க்கவேண்டும்: ஒன்றுமே செய்யாமல் இருந்துவிட்டவருக்கு என்ன நேர்கிறது? வாக்காளர் பட்டியலில் தானே ஏறியவர், வாக்களிக்க மனமில்லாவிடில் வீட்டில் இருந்துவிடலாம். பெயர் பட்டியலில் இருப்பதால் அவருக்கு இழப்பில்லை. ஏறாதவரோ தேர்தல் நாளில் உரிமை இழந்து நிற்பார். சேவையில் இது தலைகீழாகிறது. உறங்கும் சேவையால் வரும் இழப்பு, வேண்டியவர் ஒரு கட்டளை தரவேண்டியிருப்பதே. ஓடாததை அவர் உடனே அறிந்தும் கொள்வார். விழித்திருக்கும் சேவையால் வரும் இழப்போ, அதை அறியாதவர் தலையில், அவர் அறியாத நேரத்தில் விழுகிறது. ஓடாமை கண்ணுக்குத் தெரியும் குறை. ஓடுகின்றமை கண்ணுக்குத் தெரியாத குறை. ஆகவே எளியவருக்கு உதவும் நோக்கமே, உரிமையில் தானாக வருவதையும் சேவையில் கேட்டு வருவதையும் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது என்பது என் கருத்து.

வெளியாருக்கு வாயில் திறவாத சேவைகளுக்கு இவ்வளவு கெடுபிடி வேண்டுவதில்லை. கணினியின் கடிகாரத்தைச் சரிசெய்வது, வட்டின் உடல்நிலையைக் கண்காணிப்பது போன்றவை தாமே எழுவதில் எனக்கு மறுப்பில்லை.

நடுவழிகளும் நடைமுறையும்

சேவை தானே தொடங்கட்டும், ஆனால் அதே கணினிக்குள் இருப்பவருக்கு மட்டும் செவிசாய்க்கட்டும் என்பது ஒரு நடுவழி. வீட்டுக்குள் அறைக்கதவு திறந்திருக்கும், தெருக்கதவு மூடியிருக்கும். மோங்கோ டி.பி. என்னும் தரவுத்தளம் இதனைப் பட்டுத்தான் கற்றது. கடவுச்சொல்லும் இன்றி இணையத்தை நோக்கித் திறந்து கிடந்த பல்லாயிரம் தரவுத்தளங்களை 2017-இன் தொடக்கத்தில் கொள்ளையர் துடைத்தெடுத்துவிட்டு, பணம் தந்தால் திருப்பித் தருவதாகக் குறிப்பு எழுதி வைத்தனர். அவ்வாண்டின் இறுதியில் வந்த 3.6 பதிப்பு முதல், எவ்வகையில் நிறுவினாலும் உள்முகவரிக்கு மட்டுமே அது செவிசாய்க்கிறது. இந்நடுவழி டெபியன் மரபின் குறையைப் பெரிதும் தணிக்கும். ஆயினும் எல்லாப் பொதிகளும் இதனைப் பின்பற்றுவதில்லை. அச்சுப்பொறிகளைத் தேடித் தரும் 'கப்ஸ்-பிரவுஸ்டு' என்னும் சேவை, 631-ஆம் வாயிலில் எவர் குரலுக்கும் செவிசாய்த்து நின்றது பெருங்குறை என்று 2024 செப்டம்பரில் வெளிப்பட்டது. வாயிலில் நின்ற அந்தச் சேவையைப் பெயரளவிலேனும் அறிந்திருந்த கணினிப் பயனர் மிகச் சிலர்.

டெபியனைக் கைவிட வேண்டும் என்பதன்று நம் வாதம். டெபியனே தன் விதிக்கு ஒரு பூட்டும் செய்து தந்திருக்கிறது. 'பாலிசி-ஆர்சி.டி' என்னும் பெயரில் ஒரு சிறு நிரலைக் கணினியில் உரிய இடத்தில் எழுதி, அது 101 என்னும் எண்ணை விடையாகத் தரும்படி செய்துவிட்டால், நிறுவப்படும் எந்தப் பொதியும் தன் சேவையைத் தானே தொடக்க இயலாது. இரண்டே வரி. டாக்கர் கொள்கலன்களுக்கான டெபியன் படிமங்களில் இது முன்னரே எழுதப்பட்டிருக்கிறது. பல கணினிகளை ஆள்பவர் அறிந்த இந்த வழியை, ஒரு கணினியை வைத்திருப்பவர் அறியார் என்பதுதான் குறை. நிறுவும்போதே 'இப்போது தொடக்கவா?' என்று ஒரு கேள்வி கேட்டால் போதாதா எனலாம். ஓரிரு பொதிகளுக்குப் போதும். நூறு பொதிகளை ஒருங்கே நிறுவும்போது நூறு கேள்வி வந்தால், படியாமலே 'ஆம்' என்று தட்டிக்கொண்டே போவதுதான் மனித இயல்பு.

இப்போது சிலிபின் சாலைக்கு வருவோம். 2024 ஆகஸ்டு முதல் நம் நாட்டில் மின்விலைப்பட்டியல் முறை பெரிய நிறுவனங்களில் தொடங்கிப் படிப்படியாக நடப்புக்கு வந்தது. அதையொட்டிக் கணக்கு மென்பொருளை நிறுவிக்கொள்ளும் தொழிலகங்கள் பெருகுகின்றன. உதிரிப்பாகக் கடை, பட்டறை, புந்தோங் பக்கத்தில் கச்சான் வறுத்துப் பொட்டலம் கட்டி விற்கும் குடும்பம் ஆகியோரிடம் கணினித் துறை என்று தனியாக ஒன்றும் இருப்பதில்லை. மென்பொருள் விற்பவர் ஆள் அனுப்பி நிறுவித் தருவார். ஒரு மணி நேரத்தில் போய்விடுவார். அவர் போனபின் அந்தக் கணினியில் என்னென்ன ஓடுகின்றன என்பதற்குப் பொறுப்பு கடைக்காரரே. ஆகவே ஆளை அனுப்பிவிடுமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். இதனோடு எந்தச் சேவை வந்தது? அது எந்த வாயிலில் செவிசாய்க்கிறது? கடைக்கு வெளியிலிருந்து அதனைத் தட்ட முடியுமா? இரண்டாவது கணினி அதே கடையில் இருக்கிறதென்றால் உள்வலையமைப்புக்குத் திறந்திருப்பது நியாயம். இணையத்துக்குத் திறந்திருப்பதற்கு அவர் தக்க காரணம் சொல்லவேண்டும்.

தாமே பார்க்க விரும்புவோருக்கும் வழியுண்டு. விண்டோசில் 'சர்வீசஸ்' என்று தேடித் திறந்தால் சேவைகளின் பட்டியல் வரும். ஒவ்வொன்றின் எதிரிலும் 'ஆட்டோமேட்டிக்', 'மேனுவல்', 'டிசேபிள்ட்' என்று தொடக்க முறை குறித்திருக்கும். லினக்சில் 'சிஸ்டம்சிடிஎல்' கட்டளையும் 'எஸ்எஸ்' கட்டளையும் முறையே சேவைகளையும் திறந்த வாயில்களையும் காட்டும். பெயர் விளங்காத சேவையைக் கண்டவுடன் நிறுத்திவிடக் கூடாது. விண்டோஸ் தன் சொந்த வாழ்வுக்கு வைத்திருப்பவையும் அப்பட்டியலில் உள்ளன. அண்மையில் நிறுவிய மென்பொருளோடு வந்தவற்றை மட்டும் கேட்டறிந்தால் போதும்.

நிறுத்தி வைத்த சேவை நிறுத்தியபடியே இருக்குமா என்பதையும் பார்க்கவேண்டும். மென்பொருளின் புதிய பதிப்பு வரும்போது பொதி மீண்டும் தன் நிரலை ஓட்டும். பழைய டெபியனில், ஒரு சேவையின் தொடக்க இணைப்புகளை எல்லாம் அடியோடு நீக்கி அதனை நிறுத்தியவர், அடுத்த பதிப்பு வந்ததும் இணைப்புகள் மீண்டும் முளைத்து நிற்கக் கண்டார். நிறுவும் நிரல் அவற்றைக் காணாமல், இது புதிய கணினி போலும் என்று எண்ணிவிட்டது! 'நிறுத்துக' என்று பொருள்படும் இணைப்பையாவது விட்டுவைத்தவருக்கு அத்தொல்லை இல்லை. இப்போது சிஸ்டம்டியில் 'மாஸ்க்' என்னும் கட்டளை இருக்கிறது. அது சேவையின் பெயரை ஒன்றுமில்லாத கோப்போடு இணைத்துவிடுவதால், கையால் தொடக்கினாலும் அது எழாது. புதிய பதிப்பு வந்தாலும் எழாது. விண்டோசில் 'டிசேபிள்ட்' என்று குறித்ததை, அந்த மென்பொருளின் புதிய பதிப்பை நிறுவும் நிரல் மீண்டும் 'ஆட்டோமேட்டிக்' ஆக்கிவிடுவதுண்டு. ஆகையால் ஒவ்வொரு பெரிய மேம்பாட்டுக்குப் பின்னும் அந்தப் பட்டியலை மறுபடி ஒருமுறை திறந்து பார்க்கவேண்டியிருக்கிறது.